அடுப்பைத் திட்டுகிறார், என்ஜினை மறக்கிறார்!

வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த ஊர் இல்லத்தரசிக்குக் கவலையெல்லாம் 14.2 கிலோ கேஸ் பற்றித்தான்.

"அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டதா?" என்று கணவர் அதட்டுகிறார். நியாயமா?

தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு தீ எரித்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. ஆவிதான் அதிகம் போகும். சோறு சீக்கிரம் வேகாது. எனவே கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். பாத்திரத்தை மூட வேண்டும். பருப்பை முன்பே ஊறவைக்க வேண்டும். இதெல்லாம் பெண்களுக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதவர் ஐயாதான்! எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நிற்கின்றன. இவரது மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. என்ஜின் மட்டும் உறுமுகிறது. வண்டி ஓர் அடி நகரவில்லை. பெட்ரோல் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது! இந்தச் சிக்கனத்தைச் சொல்லித் தரவே 1978-ல் அரசு ஒரு பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தது. கேட்டவர் எத்தனை பேர்?

டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அதையும் அவர் பார்ப்பதில்லை.

இனி கேஸ் செலவையும் பெட்ரோல் செலவையும் ஒரே நோட்டில் எழுதட்டும். நோட்டு மனைவியிடம் இருக்கட்டும். முதல் மாதம் வீட்டில் கொஞ்சம் சத்தம் கேட்கலாம்!