இந்த வீட்டில் ஏன் யாரும் தொழவில்லை?



அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சிட்டுக்குருவி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அது இறந்துபோய் அவன் வாடியிருந்தபோது, குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவனிடமே அன்போடு விசாரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒரு குழந்தைக்குப் பெரிதாகத் தெரிவதைப் பற்றி அதனோடு அமர்ந்து பேசுவது சுன்னத்தான காரியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நம் வீடுகளில் அதற்கு எளிய வாய்ப்பு, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு படப்புத்தகத்தைப் புரட்டுவது.

சென்ற ஆண்டு வரை நானும் கையில் கிடைத்ததையே வாசித்துக் காட்டினேன். ஒருநாள் நான்கு வயது மகள், படத்திலிருந்த குடும்பத்தைச் சுட்டிக்காட்டி, "வாப்பா, இந்த வீட்ல ஏன் யாரும் தொழல?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அவள் பார்த்த புத்தகங்களில் பொங்கல் இருந்தது, கிறிஸ்துமஸ் மரம் இருந்தது, பெருநாள் இல்லை. அவளுடைய உம்மும்மாவைப் போல் முக்காடிட்ட ஒருவரும் இல்லை.

தேடியதில் முதலில் கிடைத்தது ஹெனா கான் எழுதி, மெஹர்தோக்த் அமினி படம் வரைந்த 'கோல்டன் டோம்ஸ் அண்ட் சில்வர் லேன்டர்ன்ஸ்' (2012). நிறங்களை அறிமுகம் செய்யும் நூல். சிவப்புக்குத் தொழுகை விரிப்பு, பழுப்புக்குப் பேரீச்சம்பழம், ஆரஞ்சுக்கு மருதாணி. ஆங்கில வரிகளை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லுங்கள், ஒன்றும் குறையாது. ரீம் ஃபாரூக்கியின் 'லைலாஸ் லன்ச்பாக்ஸ்' (2015), அபுதாபியிலிருந்து அமெரிக்கா சென்ற சிறுமி நோன்பைப் பற்றிப் பள்ளியில் சொல்லத் தயங்கும் கதை. எழுத்து மிகுதி, ஆறேழு வயதுக்கே பொருந்தும். ஆனால் வேற்றுச் சமயப் பிள்ளைகளுக்கிடையே மதிய உணவு மணி அடிக்கும்போது நோன்பிருக்கும் நம் பிள்ளை என்ன உணரும் என்பதை இத்தனை நயமாகச் சொன்ன நூலை நான் வேறு கண்டதில்லை.

இவை வெளிநாட்டு நூல்கள், விலையும் கூடுதல். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடலாம். தமிழில் வேண்டுமெனில் சென்னையின் தூலிகா பதிப்பகத்தில் இருமொழி நூல்கள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம். அங்குள்ள படங்களைக் கொண்டு நாமே கதை எழுதவும் இயலும். பெருநாள் கதையை யாரோ எழுதுவார்கள் என்று காத்திருக்கும் சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று சொன்னால் சிலர் வருந்தக்கூடும். சிறுவர்க்கான இஸ்லாமிய நூல் என்று விற்பவற்றுள் பல, படம் ஒட்டிய பயான்கள். இறுதிப் பக்கத்தில் புத்திமதி காத்திருப்பதைக் குழந்தை மூன்றாம் பக்கத்திலேயே கண்டுகொள்கிறது. அத்தகையதை வாங்குவதைவிட, பூனையும் மழையும் மட்டுமே உள்ள நல்ல கதையை வாங்குவேன்.

உருவப்படங்கள் குறித்துத் தயங்குவோரும் உளர். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம் அது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுள் சிறகுடைய குதிரையொன்றைக் கண்டு நபியவர்கள் சிரித்த செய்தி அபூதாவூதில் இருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மனம் ஒப்பாதவர்களுக்கு மரம், கடல், நிலா, பள்ளிவாசல் படங்கள் கொண்ட நூல்கள் இருக்கவே இருக்கின்றன.

இப்போது இரவுதோறும் பழுப்புப் பக்கம் வந்ததும் மகள் பேரீச்சம்பழம் கேட்கிறாள். பல் துலக்கிய பிறகுதான் கேட்கிறாள் என்பது அவளுடைய உம்மாவின் புகார்.