விற்பனை சொல்லாத சாட்சி

1971இன் ஆல்பங்களில் லெட் செப்பலினின் நான்காவது ஆல்பமே முதலிடத்துக்குரியது, விற்பனையே சாட்சி என்கிறார்கள். அந்தச் சாட்சி குறுக்கு விசாரணை தாங்காது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டில் கரோல் கிங்கின் ‘டேப்ஸ்ட்ரி’ அங்கே 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. பல பத்தாண்டு விற்பனையைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். செப்பலின் ஆல்பத்திலுள்ள ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ அன்று அமெரிக்காவில் சிங்கிளாக விற்பனைக்கே வரவில்லை. வானொலியில் கேட்டு மயங்கியவர் அந்த எட்டு நிமிடப் பாட்டுக்காக முழு ஆல்பத்தையும் வாங்கியாக வேண்டும். கெட்டிக்கார வியாபாரம்; பாடலும் அருமைதான். ஆனால் அது ஒரு பாடலுக்கு விழுந்த ஓட்டு.

ஆல்பம் என்ற வடிவத்தையே அளவுகோலாக்கினால் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முன்னே வந்து நிற்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பியவனின் கண்ணில் படும் அமெரிக்கா அது: வேலையின்மை, போதை, நஞ்சேறிய காற்று. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஒரு பாடல் ஓயுமுன் அடுத்தது அதிலிருந்தே கிளம்பிவிடுகிறது. வரிசையை மாற்றினால் கதை அறுந்துபோகும். இதிலும் மூன்று சிங்கிள்கள் வென்றனவே எனலாம். வென்றன. தனித்தும் நிற்க முடிந்தவை, சேரும்போது வேறொன்றைச் சொல்கின்றன. செப்பலினின் எட்டுப் பாடல்களைக் கலைத்து அடுக்கினாலோ பெரிதாக எதுவும் குறையாது.