வளரும் பிள்ளைக்கு எத்தனை சைஸ் பெரிய ஸ்கேட்ஸ்?

ரொறன்ரோவில் டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஸ்கார்பரோ சிவிக் சென்டர் பக்கம் போனால், அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்து ஐஸ் தளத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். புத்தம் புதிய வெள்ளை ஸ்கேட்ஸ். ஆனால் இரண்டு கணுக்கால்களும் உட்பக்கமாகச் சரிந்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருக்கும். அப்பா படம் எடுப்பார். இருபது நிமிடத்தில் "கால் நோகுது அப்பா" என்று அழுகை தொடங்கும். வீட்டுக்குப் போகும் வழியில் தீர்ப்பும் வந்துவிடும்.

"பிள்ளைக்குக் கணுக்கால் பலமில்லை. உதெல்லாம் இஞ்சத்தையாக்களின்ர பிள்ளையளுக்குத்தான் சரிவரும்."

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழை. குற்றவாளி கணுக்கால் இல்லை, சப்பாத்து! பிறந்த ஊருக்கும் வளைந்த காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சம்பியனான கனடாவின் பட்ரிக் சான், ஹொங்கொங்கில் இருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவருக்கு ஐஸ் சரிவந்தது என்றால் ஸ்கார்பரோச் சிறுமிக்கும் சரிவரும். அவளுடைய ஸ்கேட்ஸ் மட்டும் இரண்டு மூன்று சைஸ் பெரிதாக இல்லாமல் இருந்தால்!

ஏன் பெரிதாக வாங்குகிறார்கள்? காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "வளர்ற பிள்ளை. அடுத்த வருசமும் போடலாம்." பாடசாலைச் சப்பாத்தின் முனையில் பஞ்சு அடைத்துப் போட்டு வளர்ந்தவர்கள், கவுனின் கீழ் மடிப்பை வருடத்துக்கு ஒரு தடவை பிரித்துவிட்டு மூன்று வருடம் போட்டவர்கள் இன்றைய பெற்றோரில் பலர். அந்தச் சிக்கனத்தைக் கேலி செய்ய எதுவும் இல்லை. குடும்பங்கள் கரை சேர்ந்தது அதனால்தான். குளிர் ஜக்கெட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் ஒரு நட்டமும் இல்லை. கை கொஞ்சம் நீளமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஸ்கேட்ஸ் உடுப்பு இல்லை. அது ஒரு கருவி. சைக்கிள் மாதிரி. கால் எட்டாத சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவிட்டு "வளர வளரச் சரிவரும்" என்று யாரும் சொல்வதில்லையே!

சரி, பெரிதாக இருந்தால் அப்படி என்னதான் நடக்கிறது?

ஸ்கேட்ஸின் அடியில் இருக்கும் உருக்குத் தகட்டைப் பிளேட் என்பார்கள். அதன் தடிப்பு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அதன் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு தவாளிப்பு ஓடும். அந்தத் தவாளிப்பின் இரு கரைகளும்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். பிள்ளை தள்ளுவதும் திரும்புவதும் நிற்பதும் எல்லாமே இந்த விளிம்புகளால்தான். பாதம் சாய்ந்தால் அதே கணத்தில் பிளேட்டும் சாயவேண்டும். சப்பாத்துக்குள் வெற்றிடம் இருந்தால் முதலில் பாதம் உள்ளே நழுவும். பிறகுதான் சப்பாத்து அசையும். பிடிமானம் இல்லாத கணுக்கால் உட்பக்கமாக விழும். அதைத்தான் "பலமில்லை" என்று சொல்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பெரிய சப்பாத்துக்கு நீளமான பிளேட். அதன் சமநிலைப் புள்ளி பிள்ளையின் பாதத்துக்குச் சரியாகக் கீழே இல்லாமல் முன்னே போய்விடும். சப்பாத்து மடியவேண்டிய இடமும் கணுக்கால் மடியும் இடமும் பொருந்தாது. பாவம், பிள்ளை என்ன செய்யும்?

இரண்டு சைஸ் என்பது கேட்கச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். கணக்குப் பார்த்தால் தெரியும். வட அமெரிக்க அளவு முறையில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர். பெரும்பாலான கம்பனிகளின் ஃபிகர் ஸ்கேட்ஸ் சாதாரணச் சப்பாத்தை விடப் பெரிய அளவில் வருபவை. அதாவது 11 சைஸ் சப்பாத்துப் போடும் பிள்ளைக்கு ஸ்கேட்ஸில் 10 அளவில்தான் சரியாக இருக்கும். இது தெரியாமல் சப்பாத்தின் இலக்கத்தோடு இரண்டைக் கூட்டி 13 வாங்கினால், உண்மையில் பெரிதாக வாங்கியது மூன்று சைஸ். ஒரு முழு அங்குலம்! ஐந்து வயதுப் பிள்ளையின் பாதத்தின் மொத்த நீளமே ஏழு அங்குலம் அளவில்தான்.

இந்த இடைவெளியை நிரப்ப இரண்டு சோடி தடித்த சொக்ஸ் போடுவது அடுத்த பிழை. சொக்ஸ் உள்ளே வழுக்கும், மடியும், கொப்புளம் போடும். வியர்வையில் நனைந்து காலைக் குளிரவும் வைக்கும். லேஸை இன்னும் இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். மெல்லிய சொக்ஸ் ஒரு சோடி போதும்.

கடைக்குப் போனால் பெட்டியில் உள்ள இலக்கத்தை நம்பவேண்டாம். "சரியா இருக்கா?" என்று பிள்ளையைக் கேட்பதிலும் பயனில்லை. வெள்ளைச் சப்பாத்தைக் கண்ட சந்தோசத்தில் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றுதான் பதில் வரும். கையால் பார்க்கவேண்டும். இப்படி:

1. பிள்ளையை நிற்கவைத்து இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். பெரிய பாதத்தின் அளவைத்தான் எடுக்கவேண்டும். ஐஸில் போடப்போகும் அதே மெல்லிய சொக்ஸோடு போங்கள்.

2. லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்பக்கம் முட்டும்வரை தள்ளி, முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். இப்போது குதிக்காலுக்குப் பின்னால் பெரியவர் ஒருவரின் சுண்டுவிரல் ஒன்று நுழையவேண்டும். ஒன்றுமே நுழையாவிட்டால் சின்னது. இரண்டு விரல் நுழைந்தால் பெரியது. அந்தச் சுண்டுவிரல் இடந்தான் வளர்ச்சிக்கான இடம். அதற்கு மேல் வேண்டாம்.

3. குதிக்காலை நிலத்தில் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிட்டு லேஸ் கட்டுங்கள். விரல்கள் உள்ள பகுதியில் தளர்வாக, பாதத்தின் மேற்பகுதியிலும் கணுக்கால் மடிப்பிலும் இறுக்கமாக, உச்சியில் மறுபடி கொஞ்சம் தளர்வாக. உச்சிவரை இறுக்கினால் கணுக்கால் முன்னே மடியாது. மடியாத காலோடு சறுக்க முடியாது.

4. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடலாம். முழங்காலை மடித்தால் விலகவேண்டும். விரல் மடங்கியிருந்தால் சின்னது.

5. சப்பாத்தின் பின்பக்கத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு பிள்ளையைக் குதிக்காலைத் தூக்கச் சொல்லுங்கள். குதி மேலே எழும்பினால் அந்தச் சோடி வேண்டாம்.

6. பிளேட்டுக்கு உறை மாட்டி, கடைக்குள் பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பின்னால் நின்று பாருங்கள். கணுக்கால் நேராக நிற்கிறதா? நின்றால் நல்லது.

அளவு சரியென்றாலும் இன்னொன்று உண்டு, சப்பாத்தின் விறைப்பு. கணுக்கால் பகுதியைக் கையால் அமுக்கும்போது துணிப்பை மாதிரி மடிந்தால் அது பொம்மைச் சப்பாத்து. அதற்காகப் பாய்ந்து சுழலும் போட்டியாளர்களுக்கான விறைத்த சப்பாத்தை வாங்குவதும் தவறு. இருபது கிலோப் பிள்ளையால் அதை மடிக்கவே முடியாது. விலை கூடியது எல்லாம் பிள்ளைக்கு நல்லது என்றில்லை.

"அப்ப வருசா வருசம் புதுசு வாங்கக் காசு மரத்திலயா காய்க்குது?" என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். நியாயமான கேள்வி. இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் புதிதுதான் வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? சின்னப் பிள்ளைகளின் ஸ்கேட்ஸ் தேய்வதற்கு முன்பே கால் வளர்ந்துவிடுகிறது. அதனால் பாவித்த ஸ்கேட்ஸ் நல்ல நிலையில் நிறையக் கிடைக்கும். பெரிதாக வாங்கிய புதிய சோடியை விடச் சரியான அளவில் உள்ள பழைய சோடி நூறு மடங்கு மேல். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். கணுக்கால் பகுதியில் ஆழமான மடிப்பு விழுந்திருக்கக் கூடாது. பிளேட்டில் ஆழமான துரு இருக்கக் கூடாது, தீட்டுவதற்கு உருக்கு மிச்சம் இருக்கவேண்டும். பிளேட் சப்பாத்தின் அடியில் நேராகப் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். முதல் ஓரிரு வகுப்புக்கு வாடகை ஸ்கேட்ஸும் போதும், அங்கேயும் அளவு பார்த்து எடுத்தால்.

இதில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மச்சாள்மார், சித்தி பெரியம்மா பிள்ளைகள், பக்கத்து வீட்டார் என்று ஒரே வட்டத்துக்குள் எல்லா வயதுப் பிள்ளைகளும் உண்டு. பஞ்சாபி சூட்டும் பாடப்புத்தகமும் கைமாறுகிறபோது ஸ்கேட்ஸ் ஏன் மாறக்கூடாது? ஒன்று மட்டும், கிடைத்த உடனே போடாமல் கால் பொருந்தும் வருடத்தில் போடவேண்டும். அண்ணாவின் ஹொக்கி ஸ்கேட்ஸைத் தங்கையின் ஃபிகர் ஸ்கேட்டிங் வகுப்புக்கு அனுப்புவதும் சரிவராது. இரண்டின் பிளேட்டும் வேறு. ஃபிகர் பிளேட்டின் முன்னால் பற்கள் இருக்கும், சுழலவும் பாயவும் உதவுவதற்கு.

அந்தப் பற்களைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. புதிய பிளேட் பல நேரம் சரியாகத் தீட்டாமலே வரும். தீட்டக் கொடுக்கும்போது ஃபிகர் ஸ்கேட்ஸ் தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹொக்கி பிளேட் மட்டும் தீட்டிப் பழகியவர் கீழ்ப் பல்லையும் சேர்த்து உரசிவிட்டால் பிளேட் கெட்டது கெட்டதுதான். சறுக்கி முடிந்ததும் துணியால் துடைத்து, கடினமான உறையைக் கழற்றிவிட்டுத் துணி உறையோடு வைத்தால் துரு பிடிக்காது.

மிச்சம் பிடிக்கும் காசில் நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கலாம். ஸ்கேட் கனடாவின் கான்ஸ்கேட் வகுப்புகளில் ஐந்தாம் நிலை முடியும்வரை, சி.எஸ்.ஏ. முத்திரையுள்ள ஹொக்கி தலைக்கவசம் 2011 முதல் கட்டாயம். சைக்கிள் கவசம் செல்லாது.

எல்லாப் பிள்ளையும் சம்பியனாக வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் எல்லோரும் ஐஸ் தளத்துக்குப் போகும் நாளில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கவும் வேண்டியதில்லை. "எனக்கு இது வராது" என்ற நினைப்பு ஐந்து வயதில் ஏறினால் இறங்குவது கஷ்டம். அது ஐஸோடு மட்டும் நிற்பதும் இல்லை. ஒரு சுண்டுவிரலை வைத்துப் பார்க்காத குறைக்கு ஒரு பிள்ளை கொடுக்கும் விலை அது.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். காலுக்குத் தகுந்த சப்பாத்தும் அப்படித்தான். கடந்த குளிருக்கு வாங்கிய ஸ்கேட்ஸ் அலுமாரியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பிள்ளையின் காலில் போட்டுப் பாருங்கள். பெரிதாக இருந்தால் பத்திரமாக வையுங்கள், அதற்குரிய வருடம் வரும். அதுவரை சரியான சோடி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.