செல்லின் செப்பனிடும் பணியும் மருந்தின் விலையும்

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையொப்பமிட்ட வர்த்தக ஒப்பந்தம் குறித்த விவாதங்களில் விஸ்கி, கார், ஆயத்த ஆடை ஆகியவற்றின் மீதான சுங்க வரியே பெரிதும் பேசப்பட்டது. அதன் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் இடம்பெற்ற ஒரு வாசகம் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. மருந்துகள் மக்களுக்குக் கிடைக்கச் செய்வதற்கு, காப்புரிமை பெற்ற நிறுவனங்கள் தாமாக முன்வந்து வழங்கும் உரிமங்களே விரும்பத்தக்க, உகந்த வழி என்று இரு நாடுகளும் அதில் ஏற்றுக்கொண்டுள்ளன.

தீங்கற்றதாகத் தோன்றும் இந்த வாசகத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்ள ஒரு புற்றுநோய் மருந்தின் வரலாறு உதவும். அந்த வரலாறு, நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நாள்தோறும் நடைபெறும் ஒரு பராமரிப்புப் பணியிலிருந்து தொடங்குகிறது.

மனித செல் ஒன்றில் உள்ள டிஎன்ஏ இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். தலைமுறை தலைமுறையாக உயிரின் செய்தியைச் சுமந்து வரும் மூலக்கூறு என்பதால், அது மிக உறுதியானதாகவே இருக்க வேண்டும் என்று அறிவியலாளர்கள் 1960-களில் கருதினர். ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்டால் அதை ஐயுற்றார். நோயோ நஞ்சோ எதுவும் தாக்காமலேயே, உடல் வெப்பத்தாலும் செல்லில் உள்ள நீராலுமே டிஎன்ஏ இடைவிடாது சிதைகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களில் மரபுக் குறியீட்டின் எழுத்துகள் உதிர்ந்துபோகின்றன என்பது அவருடைய மதிப்பீடு. இவ்வளவு சிதைவுக்குப் பிறகும் உயிர்கள் வாழ்கின்றன என்றால், அதைச் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த ஏற்பாட்டின் முதல் தடயத்தை லிண்டால் 1974-இல் கண்டறிந்தார். டிஎன்ஏவில் உள்ள சைட்டோசின் என்னும் எழுத்து, வேதிமாற்றத்தால் அங்கே இருக்கக்கூடாத யுராசிலாக மாறிவிடுகிறது. இதை அடையாளம் கண்டு வெட்டியெறிவதற்கென்றே ஒரு நொதி இருக்கிறது. அது பிழையான எழுத்தை நீக்கியதும், இன்னொரு நொதி அந்த இடத்தில் இழையை வெட்டுகிறது. மற்றொன்று சரியான எழுத்தை நிரப்புகிறது. பிறிதொன்று இழையை ஒட்டி முடிக்கிறது. டிஎன்ஏ இரட்டை இழையாக இருப்பதால், பழுதடையாத எதிர் இழையே திருத்தத்துக்கான மூலப்படியாக அமைகிறது.

சூரியனின் புற ஊதாக் கதிர் விளைவிக்கும் சேதம் வேறு வகையானது. அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பாக்டீரியாவில் மூன்று புரதங்கள் சேர்ந்து, சேதத்தின் இருபுறமும் வெட்டி, 12 அல்லது 13 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டையே அகற்றுகின்றன என்பதை 1983-இல் அஸீஸ் சன்ஜார் நிறுவினார். துருக்கியின் சாவூர் என்னும் சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு எட்டுக் குழந்தைகளில் ஏழாவதாகப் பிறந்தவர் அவர். முனைவர் பட்டம் பெற்ற பின்னரும் ஆய்வாளர் பணி கிடைக்காமல், யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். மனிதரில் இதே வகைத் திருத்தம் பிறவியிலேயே குறைபட்டிருந்தால், வெயில் பட்டாலே குழந்தைப் பருவத்தில் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. செல் பிரியும்போது படியெடுப்பதில் நேரும் பிழைகளைத் திருத்தும் முறையை அமெரிக்காவின் பால் மாட்ரிச் விளக்கினார். இந்தத் திருத்தம், படியெடுப்புப் பிழைகளை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. மூவருக்கும் 2015-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் ஒரு தனி வியப்பு உண்டு. கட்டடம் கட்ட நிதி ஒதுக்கி, அதன் பராமரிப்புக்கு ஒதுக்க மறந்துவிடும் அரசுகளையே பார்த்துப் பழகியவர்கள் நாம். செல் தன் தேய்மானக் கணக்கை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடுவதில்லை.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பணம் கொடுத்தது யார்? மாட்ரிச்சுக்கும் சன்ஜாருக்கும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் நீண்ட காலம் நிதியளித்தன. லிண்டாலின் பிற்கால ஆய்வகம் பிரிட்டிஷ் பொதுமக்களின் நன்கொடையில் இயங்கிய புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்தது. பாக்டீரியாவின் நொதியை ஆராய்வதால் எந்த நிறுவனத்துக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. அடிப்படை ஆய்வின் பலனை அதற்குச் செலவிட்டவரே முழுவதும் அறுவடை செய்துவிட முடியாது. ஆகவே சந்தை அதற்குப் போதிய முதலீட்டைத் தராது என்று ரிச்சர்ட் நெல்சன் 1959-இலும், கென்னத் ஆரோ 1962-இலும் எழுதினர். அவ்விருவரின் வாதத்துக்கு டிஎன்ஏ திருத்த ஆய்வைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பொது அறிவு தனியுடைமையாக மாறிய இடத்துக்கு இப்போது வருவோம். டிஎன்ஏவின் ஓர் இழை மட்டும் அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் அறுந்தால் ஆபத்து. அப்போது பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்னும் புரதங்களின் துணையுடன், செல்லில் உள்ள மற்றொரு பிரதியைப் பார்த்துப் பிழையின்றி இணைக்கும் பணி நடைபெறுகிறது. இந்தப் புரதங்களுக்கான மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டுப் பிறக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சூற்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மிக அதிகம். குடும்பவழிப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருப்பதாக மேரி கிளேர் கிங் 1990-இல் அறிவித்தார். அதைப் பிரித்தறியும் போட்டியில் 1994-இல் முந்திய மிரியட் ஜெனடிக்ஸ் நிறுவனம், அந்த மரபணுவின் மீதே காப்புரிமை பெற்றது.

விளைவு என்ன? அமெரிக்காவில் இந்த மரபணுக்களை முழுமையாகப் பரிசோதிக்க ஒரே நிறுவனத்தை நாட வேண்டியிருந்தது. கட்டணம் 3,000 டாலருக்கும் மேல். நடிகை ஏஞ்சலினா ஜோலி தமது அறுவைச் சிகிச்சை பற்றி 2013 மே மாதம் எழுதியபோது, பல பெண்களுக்கு இந்தக் கட்டணமே தடையாக இருப்பதையும் சுட்டிக்காட்டினார். இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்தது மட்டுமே கண்டுபிடிப்பாகிவிடாது என்று அடுத்த மாதமே அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த நாளிலேயே வேறொரு நிறுவனம் அதே பரிசோதனையை 995 டாலருக்குச் செய்வதாக அறிவித்தது. 3,000 டாலரில் எவ்வளவு செலவு, எவ்வளவு ஏகபோகம் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது.

மருந்தின் கதை இதைவிடச் சிக்கலானது. ஓரிழை அறுந்த இடத்தை உணர்ந்து திருத்தப் புரதங்களை வரவழைக்கும் 'பார்ப்' என்னும் நொதியைப் பற்றிய தொடக்க ஆய்வு 1963-இல் பிரான்சில் வெளியானது. பிஆர்சிஏ பழுதுபட்ட புற்றுநோய்ச் செல்லில் ஒரு திருத்தவழி ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. 'பார்ப்' நொதியையும் முடக்கினால் அந்தச் செல் மட்டும் மடியும், நல்ல செல் பிழைக்கும். இதை 2005-இல் பிரிட்டனின் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே நேரத்தில் காட்டின. ஓர் ஆற்றுக்கு இரண்டு பாலங்கள் இருந்து, ஒன்று முன்பே இடிந்துபோன ஊரில் மற்றதையும் மூடுவது போன்றது இது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஸ்டீபன் ஜாக்சன் தொடங்கிய குடோஸ் என்னும் சிறு நிறுவனத்தின் கையில் இதற்கான மருந்து இருந்தது. அந்த நிறுவனத்தை அஸ்ட்ராஜெனிகா ஏறத்தாழ 21 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த மருந்துதான் ஒலாபாரிப்.

நிறுவனத்தின் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். எதிர்பார்த்த பலன் தெரியவில்லை என்று 2011-இல் சூற்பைப் புற்றுநோய்க்கான அதன் மேம்பாட்டை அஸ்ட்ராஜெனிகா நிறுத்தியது, 28.5 கோடி டாலரை இழப்பாகவும் எழுதியது. பின்னர் பிஆர்சிஏ பழுது உடைய நோயாளிகளின் தரவுகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோதுதான் மருந்தின் ஆற்றல் புலப்பட்டது. 2014 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஆக, நிறுவனம் ஏற்ற இடர் உண்மையானது. மருத்துவப் பரிசோதனைகளின் செலவும் உண்மையானது. ஆனால் 2017-இல் இந்த மருந்தை மையமாகக் கொண்ட கூட்டுறவுக்காக மெர்க் நிறுவனம் அஸ்ட்ராஜெனிகாவுக்கு 850 கோடி டாலர் வரை தர இசைந்தது. அமெரிக்காவில் ஒரு மாத மருந்தின் விலை பத்தாயிரம் டாலரைக் கடந்தது. நாற்பது ஆண்டுகள் முதல் இடரை ஏற்ற பொதுமக்களின் பங்கு எந்த வரவுக் கணக்கிலும் இல்லை. அவர்களே வரியாக ஒருமுறையும், விலையாக இன்னொரு முறையும் செலுத்துகின்றனர்.

இந்தியாவில் 2022-இல் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. பொதுவாக இத்தகைய நோயாளிகளில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு நோய் மரபுவழி வருகிறது. அப்படியானால், ஆண்டுதோறும் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனையும் மருந்தும் உயிர்ப் பிரச்னை.

அத்தகைய குடும்பங்களுக்கு நம் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு. நியாயமான விலையில் மருந்து கிடைக்கவில்லை என்றால், காப்புரிமையாளரின் இசைவின்றியே மற்றொரு நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கலாம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான சோராஃபெனிபுக்கு இவ்வாறு உரிமம் வழங்கப்பட்டபோது, மாதத்துக்கு 2.8 லட்சம் ரூபாயாக இருந்த விலை ஏறத்தாழ 8,800 ரூபாயாக இறங்கியது. இந்தியா வழங்கிய ஒரே கட்டாய உரிமம் அதுதான்.

பிரிட்டனுடனான ஒப்பந்தத்தால் இந்த அதிகாரம் பறிபோகவில்லை என்று அரசு விளக்குகிறது. சட்டப்படி அது சரியே. தன்விருப்ப உரிமங்கள் பயனற்றவை என்றும் நான் கூறவில்லை; ஹெபடைடிஸ் சி நோய்க்கான மருந்து 2014-இல் அப்படித்தான் இந்திய நிறுவனங்களுக்கு வந்தது. ஆனால் பேரத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு. கட்டாய உரிமம் வரக்கூடும் என்ற அச்சம் இருக்கும் வரையில்தான் தன்விருப்ப உரிமத்துக்கு நிறுவனங்கள் முன்வரும். உகந்த வழி அதுவே என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாளை 84-ஆவது பிரிவைக் கையில் எடுக்கும் அதிகாரி, தான் ஏன் உகந்த வழியை விட்டு விலகினேன் என்று விளக்க வேண்டியிருக்கும். காப்புரிமை பெற்ற பொருள் இந்தியாவில் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்ற அறிக்கையை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதியும், 2024-இல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எனத் தளர்த்தப்பட்டுவிட்டது. கட்டாய உரிமம் கோருபவருக்கு முதன்மைச் சான்று அந்த அறிக்கைதான்.

ஒலாபாரிப் மூலச் சேர்மத்தின் 20 ஆண்டுக் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது. எனவே இனி என்ன கவலை என்று கேட்கலாம். பக்கவிளைவு குறைந்ததாக எதிர்பார்க்கப்படும் அடுத்த தலைமுறை 'பார்ப்' தடுப்பான்கள் இப்போது மருத்துவப் பரிசோதனையில் இருக்கின்றன. சருபாரிப் அவற்றுள் ஒன்று. இந்த ஒப்பந்தத்தின் வாசகம் உரசிப் பார்க்கப்படப் போவது அவற்றின் விலையில்தான்.

மருந்துக்கு முன்னால் பரிசோதனை இருக்கிறது. பிஆர்சிஏ மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது தெரிந்தாலும், அது தீங்கானதா, வெறும் வேறுபாடா என்று சொல்ல, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தரவுகள் வேண்டும். உலகத் தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. மிரியட் நிறுவனமோ 2004-க்குப் பிறகு தன்னிடம் சேர்ந்த தரவுகளைப் பொதுத் தொகுப்புக்கு அளிப்பதை நிறுத்திவிட்டது. இதனால் இந்தியப் பெண் ஒருவர் பணம் கட்டிப் பரிசோதித்துக்கொண்ட பின்னும், 'பொருள் உறுதியாகவில்லை' என்ற விடையோடு திரும்ப நேர்கிறது. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளைப் பதிவுசெய்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவுகள், 2025 ஜனவரியில் ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் நோயுற்ற குடும்பங்களின் பிஆர்சிஏ முடிவுகள், பெயர் நீக்கப்பட்டு, அதே மையத்தில் சேர்ந்தால்தான் அந்த உறுதியற்ற விடைகள் குறையும். பரிசோதனை செய்யும் தனியார் ஆய்வகங்களுக்கு இதைக் கட்டாயமாக்குவதில் அரசுக்குப் பெரிய செலவில்லை.

செலவு பிடிப்பது அடிப்படை ஆய்வு. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 விழுக்காட்டையே ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுகிறோம். 2023-இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 36,000 கோடி ரூபாய் தொழில் துறையும் கொடையாளர்களும் தருவார்கள் என்பது கணக்கு. அண்மையில் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியோ, ஓரளவு முதிர்ந்துவிட்ட தொழில்நுட்பங்களுக்கானது. பாக்டீரியாவின் நொதியைப் பத்தாண்டுகள் ஆராய விரும்பும் ஓர் இளைஞருக்கு எந்தத் தொழில் நிறுவனம் பணம் தரும்? அமெரிக்காவிலும் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்க அந்நாட்டு அரசு 2025-இல் முன்மொழிந்தது. அங்கே ஆய்வகம் மூடப்பட்டால் இங்கே மருந்து மலிவாகிவிடாது. அடுத்த மருந்துக்கான அறிவே பிறக்காமல் போகும். அந்த அறக்கட்டளைக்கான 50,000 கோடியில் அரசின் பங்கு 14,000 கோடி ரூபாய்தான். அடுத்த நிதிநிலை அறிக்கையில் முதலில் உயர வேண்டிய தொகை இது.