ரெப்ரீ விசில் ஊதும் முன்பே முடிய வேண்டிய பஞ்சாயத்து!

திருச்சி:
"ரெப்ரீ ஏமாத்திட்டாரு சார்..." பள்ளி கால்பந்து போட்டியில் தோற்ற அணி மைதானத்தை விட்டு வெளியேறும்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. ஆனால் இந்த சண்டைகளில் பாதி, ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி தீர்க்க வேண்டியவை.

பள்ளி போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கின்றன. 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என 3 பிரிவுகள். பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷமே போச்சு. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பசங்க காவிரி பாலம் தாண்டி அண்ணா ஸ்டேடியம் வருவது சும்மா விளையாட அல்ல. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் காலேஜில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம் என்ற ஆசையும் உண்டு.

பத்து நிமிஷ பேச்சு

கால்பந்து விதிப்படி, ஆட்டத்துக்கு முன் மைதானத்தை சோதிக்க வந்த உடனேயே நடுவரின் அதிகாரம் தொடங்கி விடுகிறது. கோல் வலை கிழிந்திருக்கிறதா, கோடு சரியா, பந்தில் காத்து இருக்கா என்று பார்க்க வேண்டும். பசங்களுக்கு ஷின் கார்டு கட்டாயம். கடுக்கன், காப்பு, செயின் கூடாது. மேலே டேப் ஒட்டிக்கொண்டு வந்தாலும் செல்லாது.

அதன் பிறகு 2 அணி பி.டி. மாஸ்டர்களையும் ஒன்றாக நிற்க வைத்து பேசுவதுதான் முக்கியம். ஒரு பாதி எத்தனை நிமிடம்? எத்தனை மாற்று ஆட்டக்காரர்? சமன் ஆனால் கூடுதல் நேரமா, நேராக பெனால்டியா? மழை வந்தால் என்ன செய்வது? சிறுவர் போட்டிகளில் இவற்றில் பலவற்றை நடத்துபவர்களே முடிவு செய்யலாம் என்பதால், டி.வி.யில் பார்த்த கணக்கு இங்கே உதவாது. பட்டியலில் இல்லாத பையனை பாதியில் இறக்கினால் வம்புதான்.

மாஸ்டருக்கும் அட்டை

2019-ல் விதி மாறியது. பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். ஓரத்தில் இருந்து கத்தியது யார் என்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளர்தான் தண்டனை வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி விட்டால் பெஞ்ச் தானாக அடங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளி போட்டிகளில் நடுவராக நிற்பவர்களும் பல நேரம் பி.டி. மாஸ்டர்களே. நேற்று எதிரணி பயிற்சியாளர், இன்று கையில் விசில்! அதனால் ஒருவரிடம் மட்டும் தனியாக பேசினால் சந்தேகம் கிளம்பும். 2 பேரையும் சேர்த்து வைத்து பேசினால் அந்த பேச்சுக்கே இடமில்லை.

விபரீதம்

1964 மே 24-ந்தேதி பெரு நாட்டின் லிமாவில் ஒரு கோல் செல்லாது என்று நடுவர் அறிவித்ததில் கலவரம் வெடித்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, நெரிசலில் சிக்கி 300-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2025 ஜனவரியில் பஞ்சாப் மாநிலம் பதிண்டாவில் பல்கலைக்கழக கபடி போட்டியின்போது தமிழக வீராங்கனைகள் தாக்கப்பட்டதை தமிழ்நாடே பார்த்தது. பத்து நிமிஷ பேச்சு எல்லா கலவரத்தையும் நிறுத்தி விடாது. ஆனால் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இவை சாட்சி.

நேரம் இல்லையா?

ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து ஆட்டம் வைத்தால் முதலில் அடிபடுவது இந்த பேச்சுதான். வழி இருக்கிறது. பொது விதிகளை காலையிலேயே எல்லா அணிகளுக்கும் சேர்த்து சொல்லி விடலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் பெயர் பட்டியல், ஷின் கார்டு, டாஸ் பார்த்தால் போதும். செலவு ஒரு பைசா இல்லை.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. தோற்ற பிறகு ரெப்ரீயை சூழ்ந்து கேட்கும் கேள்விகளை, காலையிலேயே பி.டி. மாஸ்டரிடம் கேட்டு விடுங்கள். பதில் தெரிந்த பையன் நடுவரோடு மல்லுக்கு நிற்க மாட்டான், பந்தை பார்ப்பான்.