கூடாரத்துக்கு மேலே என்ன?

அமெரிக்காவின் வடக்கு எல்லையில், மின்னசோட்டா மாநிலத்தில், ஏரியும் காடும் கலந்து கிடக்கும் ஒரு பெரிய பிரதேசம் இருக்கிறது. பெயர் "பவுண்டரி வாட்டர்ஸ்." பரப்பு 10 லட்சம் ஏக்கருக்கு மேல். ஏரிகள் ஆயிரத்துக்கு மேல். அதற்கு அப்பால் கனடா.

உள்ளே ரோடு இல்லை. பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகு கூடாது. "கனூ" என்ற ஒடுங்கிய சிறு படகில் துடுப்புப் போட்டுப் போகவேண்டும். ஓர் ஏரி முடிந்தால், படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த ஏரிக்கு நடக்கவேண்டும். குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். இரவில் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள்.

நினைத்த இடத்தில் படுக்க முடியாது. வன இலாகா சுமார் 2 ஆயிரம் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறது. அடுப்புக்கு இரும்புக் கம்பித் தட்டு போட்டிருக்கும். அதுதான் அடையாளம். காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு உண்டு. ஆனால் தங்கும் இடத்துக்கு முன்பதிவு கிடையாது. முந்தியவருக்கு இடம்!

இங்கேதான் ஆசை வந்து கெடுக்கிறது. "அடுத்த முனையில் இதைவிட அழகான இடம் இருக்கும்" என்று ஒருவர் சொல்வார். படகு நகரும். அங்கே வேறு யாரோ இருப்பார்கள். அதற்கும் அடுத்த இடம்... பொழுது சாய்ந்துவிடும். கை ஓய்ந்துவிடும். குழந்தைகள் அழும். கடைசியில் கிடைத்த இடத்தில், இருட்டில் கூடாரம் எழும்பும். தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்க வெளிச்சம் இராது.

பட்ட மரம்

மேலே இருப்பது பட்ட மரமாக இருக்கலாம். அதுதான் ஆபத்து.

அந்தக் காட்டுக்கு அடியில் பாறை. பாறைமேல் மெல்லிய மண். வேர் ஆழமாக இறங்க வழி இல்லை, பக்கவாட்டில் படர்கிறது. பெருங்காற்று அடித்தால் பச்சை மரமே சாய்ந்துவிடும். பட்ட மரம் விழக் காற்றுகூட வேண்டாம்.

1999-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி. அமெரிக்க சுதந்திர தினம். விடுமுறைக் கூட்டம் ஏரிகளில் நிறைந்திருந்தது. பகலிலேயே சூறைக்காற்று வந்தது. லட்சக்கணக்கான ஏக்கரில் மரங்கள் சாய்ந்தன. சுமார் 60 பேர் காயம் அடைந்தார்கள். அந்தக் காற்று நள்ளிரவில், எல்லாரும் தூங்கும்போது வந்திருந்தால்?

ஆகவே, ஏரியின் அழகைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார்க்கவேண்டும். பட்ட மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ விழுந்தால் எட்டாத தூரத்தில் கூடாரம் இருக்கவேண்டும். தனித்து உயர்ந்த மரத்தடியும் கூடாது. இடி தேடி வரும் இடம் அது.

மற்றவை அப்புறம். பள்ளம் என்றால் மழைநீர் படுக்கைக்கு வரும். சதுப்பு ஓரம் என்றால் கொசு. (வடக்கே குளிர், கொசு இராது என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு!) கரடியும் உண்டு. சாப்பாட்டு மூட்டையைக் கூடாரத்துக்குள் வைக்கலாகாது.

இவ்வளவையும் பார்க்க வெளிச்சம் வேண்டும். பிற்பகல் 2 மணி, 3 மணிக்கே இடம் தேடுவது நல்லது. பெரியவர் ஒருவர் மட்டும் இறங்கி, இடத்தை ஒரு சுற்று சுற்றி வரட்டும். குழந்தைகள் படகிலேயே இருக்கட்டும். மரம் சரியில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போகப் பொழுது மிச்சம் இருக்கும்.

படுக்கப் போகுமுன் படகைக் கரையில் ஏற்றி, கவிழ்த்து, கயிற்றால் கட்டவேண்டும். காற்று அதைக் கொண்டு போய்விட்டால், ஊர் திரும்ப வேறு வண்டி இல்லை.