லென்ஸுக்கும் உண்டு பொருத்தம்

படம் தெளிவில்லை என்றதும் லென்ஸை விற்கக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய அரை மணி நேரச் சோதனை

கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் நாள்தான் போட்டோகிராபருக்குச் சோதனை நாள். கேமராவின் பின்பக்கத் திரையில் பளிச்சென்று தெரிந்த மாலை மாற்றும் காட்சி, கம்ப்யூட்டரில் பெரிதாக்கியதும் குழைந்து போகிறது. மணமகளின் ஜிமிக்கியில் ஒவ்வொரு முத்தும் துல்லியம். கண்கள் மட்டும் மங்கல். மாலையை மறுபடி மாற்றச் சொல்ல முடியாது. கோபம் லென்ஸ் மீது திரும்புகிறது. தில்லி சாந்தினி சௌக்கின் குச்சா சௌத்ரி மார்க்கெட்டுக்கோ மும்பையின் போரா பஜாருக்கோ அது விலைக்குப் போகிறது. வாங்கியவர் அதைத் தன் கேமராவில் மாட்டினால், படம் ஊசிமுனைத் துல்லியத்தோடு விழுகிறது.

இதில் மாயம் ஏதும் இல்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் பதிவாவது ஓர் இடத்தில். ஃபோகஸ் அளக்கப்படுவது வேறோர் இடத்தில். லென்ஸ் வழியே வரும் ஒளியில் ஒரு பகுதியை, பிரதான கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சிறு கண்ணாடி கீழே திருப்பிவிட, அங்குள்ள தனி சென்ஸார் தூரத்தைக் கணிக்கிறது. இரண்டு பாதைகளின் நீளமும் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். கேமராவிலும் லென்ஸிலும் தனித்தனியே இருக்கும் சிறு பிழைகள் ஒரு ஜோடியில் ஒன்று சேர்ந்து பெரிதாகும். இன்னொரு ஜோடியில் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8ல் திறந்து ஒரு மீட்டரில் இருக்கும் முகத்தைப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். கண் தப்பி காது தெளிவாக இது போதும்.

ஆனால் எல்லா மங்கலும் ஃபோகஸ் பிழையல்ல. நோய் என்ன என்பதைப் படமே சொல்லிவிடும். கண் மங்கலாகி, முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. எதுவுமே தெளிவில்லாமல், விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆடியது ஆள். படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளிறியிருந்தால் லென்ஸில் அழுக்கு, மலிவு ஃபில்டர் அல்லது பூஞ்சை. ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால்தான் லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி நிலை பிசகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகம் தீர எளிய சோதனை உண்டு. மேஜை மீது ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சம், டிரைபாட், இரண்டு விநாடி டைமர், லென்ஸின் மிகப் பெரிய துவாரம். நடுங்குவதைத் தடுக்கும் வசதியை அணைத்துவிடலாம். புத்தக அட்டையில் ஃபோகஸ் செய்து வியூஃபைண்டர் வழியே ஐந்து படங்கள். பிறகு லைவ் வியூவில் ஐந்து. ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது முக்கியம். லைவ் வியூவில் படம் பதியும் சென்ஸாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது. அதில் தெளிவும் வியூஃபைண்டரில் மங்கலும் கிடைத்தால் லென்ஸ் நிரபராதி. அளவுகோலில் எந்தக் கோடு தெளிவாக இருக்கிறது என்பது பிழையின் திசையைக் காட்டும்.

மருந்து பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. 2007ல் வந்த கேனன் இஓஎஸ்-1டி மார்க் 3, நிகான் டி3, டி300 ஆகியவற்றில் ஃபோகஸைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தது. அந்த வசதியுள்ள மாடல்களில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியே பொருத்தம் பார்த்துக் குறித்து வைக்கலாம். வசதி இல்லாத மாடல்களுக்கு, கேமராவையும் லென்ஸையும் சேர்த்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே வழி. மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸும் படமும் ஒரே சென்ஸாரில் என்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

இரண்டு வழியிலும் மங்கல் என்றால் எஃப் 5.6 அல்லது எஃப் 8ல் முயல வேண்டும். அப்போது தெளிவானால், முழுத் திறப்பில் மென்மையாக இருப்பது அந்த லென்ஸின் சுபாவம். அதற்காக எஃப் 22 வரை போவதும் தவறு: துவாரம் மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி மீண்டும் மங்கும். அப்படியும் சரியாகாவிட்டால் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து லென்ஸுக்குள் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. மழைக்கால மும்பையிலும் கொல்கத்தாவிலும் மூடிய அலமாரியில் கிடக்கும் தோல் பை அதற்கு நல்ல விளைநிலம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை உள்ள காற்றுப்புகாப் பெட்டியே பாதுகாப்பு.

கை நடுக்கத்துக்கான பழைய கணக்கு இன்றும் செல்லும்: 200 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 விநாடி. சிறிய சென்ஸார் உள்ள கேமராவில் 1/300. உச்சி வெயிலில் பரத்பூரில் தொலைவில் நிற்கும் சாரஸ் கொக்கு மங்கினால் குற்றவாளி கானல். எந்த விலை லென்ஸாலும் அதை வெல்ல முடியாது.

மிச்சம் இருப்பது பார்க்கும் கண்ணின் பிழை. 24 மெகாபிக்ஸல் படத்தை 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குவது, ஐந்தடிக்கு மேல் அகலமான படத்தை ஒன்றரை அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். பிலிம் காலத்தில் தபால் கார்டு அளவு பிரின்ட் எத்தனையோ பிழைகளை மறைத்துக் காப்பாற்றியது. இன்று அந்தத் தயவு இல்லை. ஆகவே அளவுகோலும் புத்தகமும் மேஜைக்கு வர வேண்டியது முகூர்த்தத்துக்கு முந்தின நாள். மறுநாள் அல்ல.